பூட்டித் தைத்த சிறகு

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் ஒட்டியிருந்த தாளில், பூமாலை என்ற பெயருக்கு நேரே வயது பத்து என்று எழுதியிருந்தது. காலையில் அதை வாசித்துச் சொன்னது அஸ்ரப் நிஷாதான்.

"ஒம்போதுதான் ஆவுது," என்றாள் செங்கம்மாள். "ஆடி வந்தாத்தான் பத்து. வேற யாருக்கோ எழுதின மருந்த எம்பொண்ணுக்குக் குடுத்துறப் போறாங்க. போய்ச் சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாங்க."

விடிந்ததிலிருந்து இது நாலாவது முறை. மூன்று முறையும் நிஷா போய் நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நாலாவது முறையும் எழுந்தாள். நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துப் பத்தை அடித்து ஒன்பது என்று எழுதினாள்.

"எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்கக்கா."

செங்கம்மாள் தலையை ஆட்டினாள். மறுபடியும் கதவைப் பார்த்துக்கொண்டு தூணடியில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று மத்தியானத்திலிருந்து அந்த இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.

நேற்று இந்நேரம் அவர்கள் எல்லோரும் கல்வராயன் மலையில், கரியாலூருக்கு மேலே சின்னமடு அருவியில் இருந்தார்கள். 'ஏழு இறகு இளவரசி' படப்பிடிப்பு. குழந்தைகள் மூன்று தலைமுறையாகப் படித்துவரும் கதை. தம்பியின் குரலைத் திருடி மடுவின் அடியில் ஒளித்துவைத்த பூதத்தைத் தேடி, இளவரசி இறகுப் போர்வையோடு தண்ணீரில் இறங்கும் கட்டம். அந்தப் போர்வையை வரைந்தவள் நிஷா. படத்துக்குக் காஸ்ட்யூம் டிசைனர் அவள்தான். கள்ளக்குறிச்சியில் கட்டிங் மேசை போட்டு அதைத் தைத்தவன் அவளுடைய அண்ணன் அக்பர் அலி.

சென்னையிலிருந்து வந்த குழந்தை நடிகையின் அம்மா தண்ணீரைப் பார்த்ததும் முடியாது என்றுவிட்டார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் அதே உயரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். பூமாலை. அவளை டூப்பாகப் போட்டார்கள். முழங்கால் ஆழத்தில் நின்றால் போதும் என்றார்கள். மேலே எங்கோ பெய்த மழையில் தண்ணீர் ஒரு சாண் ஏறியது. காலடியில் பாசி பிடித்த கல் வழுக்கி, பூமாலை மடுவுக்குள் போய்விட்டாள்.

லைட்மேன் ராசு குதித்து அவளை எடுத்து வருவதற்குள் நாலு நிமிஷம்.

"முதுகுப் பக்கம் ஹூக்கத் தேடிப் பாத்தேன் மேடம், கைக்கு ஆம்புடவே இல்ல," என்று சாயங்காலம் அவர் அழுதுகொண்டே சொன்னார். "அது தண்ணியக் குடிச்சிக் குடிச்சி கல்லு மாதிரி ஆயிடுச்சி. கடேசில போர்வையோட சேத்துதான் இழுத்தேன்."

நாலைந்து பேர் அதைக் கேட்டார்கள். ஹூக்கு ஏன் கைக்கு அகப்படவில்லை என்பது அவர்களில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

புரொடக்‌ஷன் மேனேஜர் தெய்வசிகாமணி பன்னிரண்டு மணிக்கு வந்தார். செங்கம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். நிஷாவை மட்டும் கண்ணால் கூப்பிட்டு, வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனார்.

"நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரும்மா. அந்த ட்ரெஸ்ஸப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். "மூணு வரிதான். படிச்சிப் பாருங்க."

தாளில் இப்படி இருந்தது: ஒரே இழுப்பில் அவிழும் ஹூக்கு ஆடையின் பின்பக்கம் இருந்தது. அது சரியாக வேலை செய்தது. இடைவேளையில் குழந்தை யாரையும் கேட்காமல் தண்ணீரில் இறங்கிவிட்டது.

"அது இடைவேளை இல்ல சார். டேக் போய்க்கினு இருந்தது."

"தெரியும்மா. நானும் அங்கதான நின்னேன்." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க இதுல கையெழுத்துப் போடலன்னா, அடுத்த கேள்வி தச்சது யாருன்னுதான் வரும். தச்சது உங்க அண்ணன். டைட்டில்ல அவரு பேரு போட்டே ஆவணும்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. இப்ப அதுவே பிடி ஆயிடுச்சி பாருங்க."

"ட்ரெஸ் எங்க சார்?"

"காலையிலயே உங்க அண்ணன்கிட்ட குடுத்துட்டேன். கொஞ்சம் சரி பண்ணச் சொல்லி."

நிஷா எதைச் சரி பண்ண என்று கேட்கவில்லை. வாசலுக்கு ஓடி, வந்த முதல் ஆட்டோவில் ஏறினாள்.

தெரு முழுக்கப் புது மாவட்டத்துக்கு வாழ்த்துச் சொல்லும் பேனர்கள். ஒரு பட்டாசுச் சரம் வெடிப்பதற்காக ஆட்டோ நின்றது. "வேற வழி இல்லியாண்ணே?" என்று இரண்டு முறை கேட்டாள். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டுச் சந்தில் வண்டியைத் திருப்பினார்.

கச்சேரி ரோட்டில் ஷேக் மைதீன் துணிக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லி முடித்துவிட்டார்கள். வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக அத்தா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இன்னும் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. மகளைப் பார்த்ததும் பின்கட்டைக் காட்டினார்.

சினிமாவுக்குப் போனாள் என்று ஆறு வருஷம் அவளோடு பேசாதவர் ஷேக் மைதீன். போன ரமலானில்தான் வீட்டுக்குள் விட்டார். இப்போதும் நேராகப் பேசுவதில்லை. 'அவ சாப்ட்டாளான்னு கேளு' என்று அம்மாவிடம் சொல்வார்.

பின்கட்டில் தையல் மெஷின்கள் மூன்றும் சும்மா இருந்தன. கட்டிங் மேசை மேல் பழைய பெட்ஷீட்டை விரித்து, அதில் இறகுப் போர்வையைக் குப்புறப் போட்டிருந்தான் அக்பர் அலி. ஆயிரத்துச் சொச்சம் ஆர்கன்சா துணி இறகுகள், ஒவ்வொன்றும் கையால் வெட்டிச் சாயம் ஏற்றியவை, சேறு பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உள்ளே கொடுத்திருந்த பிரம்பு ஒரு பக்கம் ஒடிந்து துருத்திக்கொண்டிருந்தது. குழந்தையிடமிருந்து கழற்றுவதற்காக ஆஸ்பத்திரியில் முன்பக்கத்தைக் கத்தரித்திருந்தார்கள். மேசை விளிம்பில் இன்னும் தண்ணீர் சொட்டியது.

அவன் கையில் பிளேடு இருந்தது.

"அண்ணே, இன்னா பண்றே?"

அவன் நிமிரவில்லை. "நேத்து பூரா இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? எம் ஹூக்கு மாட்டிக்கிச்சின்னு. நான் ஒரு புள்ளையக் கொன்னுட்டேன்னு. என் பொண்ணு ஜீனத்துக்குப் போட்டு ஹூக்கெல்லாம் அவுக்கற கயித்த ஏழு தடவ இழுத்துப் பாத்தேனே, எட்டாவது தடவையும் இழுத்துப் பாத்திருக்கலாமேன்னு. ஒரு வாய் சோறு எறங்கல நிஷா."

"அண்ணே..."

"காலையில மூட்டையப் பிரிச்சேன். ஹூக்கே இல்ல. கயிறும் இல்ல. கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் கைத்தையல். ரெட்ட நூலு." பிளேடின் முனையால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். "எந்தப் பக்கம் சாஞ்சிருக்குது பாரு. வலது கைக்காரங்க போட்டா இப்டி சாயாது. நம்ம வூட்டுல எடது கை யாருதுன்னு நான் யாரையாச்சும் போய்க் கேக்கணுமா?"

நிஷா சுவரில் சாய்ந்தாள். ஒரு பகலும் ஓர் இரவும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"மானிட்டர்ல கூன் மாதிரி தெரியுதுன்னு டைரக்டர் சொன்னாரு. ஹூக்கு வரிசை துணிக்கு மேல பொடச்சிக்கினு தெரிஞ்சது. பத்து நிமிஷம் டைம் குடுத்தாரு. நான் எல்லாத்தையும் எடுத்துட்டு, அவ மேலயே வச்சித் தச்சிட்டேன். முழங்கால் தண்ணிதானேன்னு."

"வேணாம்னு சொல்லக்கூடாதா?"

"சொல்லணும்னே தோணலண்ணே. கூன் போயிடும்னுதான் தோணிச்சி."

அக்பர் அலி குனிந்து, பிளேடால் அடுத்த தையலை அறுத்தான். அப்போதுதான் அவள் தரையைப் பார்த்தாள். நூல் துண்டுகள். மேசையில் புது ஹூக்குகள். போர்வையின் மேல்பாதியில் ஆறு ஹூக்குகள் ஏற்கெனவே ஏறியிருந்தன.

"நிறுத்துண்ணே!"

"கத்தாத. பாதிதான் பாக்கி. மூணு மணிக்குள்ள முடிச்சிருவேன். எவன் வந்து பாத்தாலும் மொதல்லருந்தே ஹூக்குதான் இருந்ததுன்னு தெரியும். நீயும் தப்பிச்ச, நானும் தப்பிச்சேன்."

"அந்தப் பொண்ணு?"

அவன் கை நின்றது.

பதில் பின்னாலிருந்து வந்தது. "நிஷாம்மா."

அத்தா நிலைப்படியில் நின்றிருந்தார். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அவர் வாயால் தன் பெயரைக் கேட்டதில், என்ன சொல்ல வருகிறார் என்று தெரிவதற்கு முன்பே அவளுக்கு அழுகை முட்டியது.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு தாயி. நம்ம வூட்டுல இதுவரைக்கும் யாரும் ஸ்டேஷன் வாசல மிதிச்சதில்ல. உங்கம்மாவுக்கு சுகர் முந்நூறுல நிக்குது. உன்ன இழுத்துக்கினு போனாங்கன்னா அவ தாங்க மாட்டா. நானும் தாங்க மாட்டேன். ஆறு வருசம் உன்ன வுட்டுட்டு இருந்தது போதும்." தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

நிஷா மேசைக்கு அருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். தெய்வசிகாமணி கொடுத்த தாளைப் பிரித்து வைத்தாள். அண்ணன் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

அதை இங்கே மறைப்பதற்கில்லை. அவள் கையெழுத்துப் போடத்தான் உட்கார்ந்தாள். முதல் எழுத்தைப் போட்டும்விட்டாள்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. தெரியாத எண்.

"சினிமாக்காரம்மாங்களா?" பஸ் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல். "நான் கண்ணுசாமிங்க. பூமாலையோட அப்பன். குடகுல காப்பித் தோட்டத்துல இருக்கறேங்க. பஸ் ஏறிட்டேன். படத்து மேனேஜரு இந்த நம்பரு குடுத்தாருங்க. பக்கத்து சீட்டுக்காரரு போனுங்க இது."

"சொல்லுங்கண்ணா." குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"புள்ள சொல்பேச்சு கேக்காம தண்ணில எறங்கிட்டான்னு மேனேஜரு சொன்னாருங்க. எப்பவும் அப்டிச் செய்ய மாட்டாங்க அவ. இன்னாத்துக்கு அப்டிப் பண்ணான்னு தெரியலீங்க. உங்க எல்லாருக்கும் செரமம் குடுத்துட்டா. படம் வேற நின்னு போச்சாம். மன்னிச்சிக்குங்கம்மா." கண்டக்டர் விசில் அடித்தார். "கண்ணு முழிச்சான்னா திட்டாதீங்கம்மா. நான் வந்து சொல்லிக்கறேன் அவளுக்கு."

லைன் அறுந்துவிட்டது.

போனில் கேட்டது அந்தச் சிறிய அறையில் மூன்று பேருக்கும் கேட்டிருந்தது. அத்தா தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிஷா அந்தத் தாளை நாலாக மடித்தாள். கிழிக்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, இறகுப் போர்வையை அள்ளி, அது வந்த பிளாஸ்டிக் மூட்டைக்குள் திணிக்க ஆரம்பித்தாள். ஈரத்தோடு அது கனத்தது. ஒரு பிடி தூக்குவதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. இதை ஒன்பது வயதுப் பெண்ணின் முதுகில் தைத்து அனுப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் கைக்குத் தெரிந்தது.

"எங்க எடுத்துக்கினு போற?"

"அவங்கம்மாகிட்ட."

அக்பர் அலி வழியை மறித்தான். "நிஷா, யோசி. பாதியப் பிரிச்சி ஹூக்கு வச்சிருக்கேன். இத எவன் பாத்தாலும் மொதல்ல என் கையிலதான் வெலங்கு. உன்னக் காப்பாத்தத்தான் ஒக்காந்தேன். ஜீனத்துக்கு ஏழு வயசு."

"தெரியும்ணே."

"தெரிஞ்சிக்கினே எடுத்துக்கினு போறியா?"

அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியாமல், மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அத்தாவைத் தாண்டும்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஷட்டருக்குக் கீழே குனிந்து தெருவுக்கு வந்தபோது, உள்ளே ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

மூட்டையைத் தூக்க முடியாமல் பத்தடிக்கு ஒரு முறை இறக்கிவைத்து, பஸ் நிலையம் வரை நடந்தாள். மூட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்து இரண்டு ஆட்டோக்கள் ஏற்றிக்கொள்ளவில்லை. மூன்றாவது ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்போது மணி மூன்றரை.

செங்கம்மாள் அதே தூணடியில்தான் இருந்தாள். யாரோ வாங்கிக் கொடுத்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது.

"வந்துட்டியாம்மா? டாக்டரு ரெண்டு பேரு உள்ள போனாங்க. இன்னும் வெளிய வர்ல. கேட்டுச் சொல்லேன்."

"கேக்கறேன்க்கா. அதுக்கு முன்னால ஒண்ணு காட்டணும்."

நிஷா எதிரே தரையில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். சேற்று நாற்றம் எழுந்தது. போவோர் வருவோர் ஒதுங்கி நடந்தார்கள். போர்வையின் முதுகுப்பக்கத்தை மடியில் போட்டுக் காட்டினாள்.

"இது தண்ணில ஒரே இழுப்புல கழண்டு வர்ற மாதிரி எங்கண்ணன் செஞ்சி வச்சிருந்தாரு. படத்துல அசிங்கமாத் தெரியுதுன்னு நான்தான் எடுத்துட்டேன். எடுத்துட்டு, பூமாலை போட்டுக்கினு நிக்கும்போதே முதுகோட வச்சித் தச்சிட்டேன். அதான் அவளால அவுக்க முடியல. ராசுவாலயும் முடியல. அவ கேக்காம எறங்கலக்கா. நாங்க எறக்கினோம்."

செங்கம்மாளுக்கு விளங்கியதா இல்லையா என்று தெரியவில்லை. அவள் கையை நீட்டிப் போர்வையைத் தடவினாள். புது ஹூக்குகள் விரலில் பட்டன.

"இது இன்னா?"

"இன்னிக்கி எங்கண்ணன் வச்சது. என்னைக் காப்பாத்த. நேத்து இது இல்ல."

"நேத்து பூரா இப்டியா இருந்துச்சி?" கீழ்ப்பாதித் தையலைக் காட்டினாள்.

"பூரா."

செங்கம்மாள் அந்தத் தையலுக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்தாள். இழுத்தாள். காட்டில் வேரோடு களை பிடுங்குகிற கை. நூல் அசையவில்லை. முழங்காலைத் துணி மேல் ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறையும். விரல் இடுக்கில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. தையல் அப்படியே இருந்தது.

"என்னாலயே அறுக்க முடியலியே," என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "எம்பொண்ணு எப்டிம்மா அறுப்பா?"

நிஷா அவள் காலைத் தொடப் போனாள். செங்கம்மாள் காலை இழுத்துக்கொண்டாள்.

"நீ தைக்கறப்ப அவ ஒண்ணுமே கேக்கலியா?"

இந்தக் கேள்வி வராது என்று நிஷா நம்பியிருந்தாள். அண்ணனிடம்கூட இதைச் சொல்லவில்லை.

"கேட்டா. அவுக்கணும்னா எப்டிக்கான்னு கேட்டா. நான் பக்கத்துலயே இருப்பேன், ஒரு கொரலு குடு, வந்து அறுத்து வுடறேன்னு சொன்னேன். சிரிச்சா. சரின்னா."

"கூப்ட்டாளா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"நான் அங்க இல்ல. மேல பாறையில டவர் கெடைக்குதுன்னு போனேன். மெட்ராஸுக்குப் பேசிக்கினு இருந்தேன். அடுத்த படத்துக்கு."

செங்கம்மாள் கத்துவாள், அடிப்பாள் என்று நிஷா காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ரத்தம் வந்த விரலைப் புடவை முனையில் சுற்றிக்கொண்டு, அந்த மலைக்காரி அவளையே பார்த்தாள்.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நடைக்கோடியில் இரண்டு காக்கிச் சட்டைகள், அவர்களுக்கு முன்னால் வழி காட்டிக்கொண்டு தெய்வசிகாமணி. நாலு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"நடந்தத அவங்ககிட்டயும் சொல்லுவியா?" என்று கேட்டாள் செங்கம்மாள்.

"சொல்லுவேன்."

"எங்கூட்டுக்காரரு வந்தா அவருகிட்ட?"

"சொல்லுவேன்க்கா."

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. காலையில் வயதைத் திருத்தின அதே நர்ஸ்.

"பூமாலை கூட வந்தவங்க யாரு? டாக்டர் கூப்புடறாரு. சீக்கிரம் வாங்க."

நல்லதா கெட்டதா என்று அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. செங்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு அடி வைத்ததும் முழங்கால் மடங்கியது. நிஷா ஓடிப்போய்த் தாங்கினாள். தாங்கிய கையின் மணிக்கட்டைச் செங்கம்மாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போங்கக்கா. நான் இங்கயே..."

"வா."

"நான் எப்டிக்கா உள்ள வருவேன்?"

"பக்கத்துலயே இருப்பேன்னு எம்பொண்ணுகிட்ட சொன்ன இல்ல? வா. வந்து இரு."

நிஷா திரும்பிப் பார்த்தாள். தூணடியில் மூட்டை வாய் திறந்து கிடந்தது. காக்கிச் சட்டைகளுக்கு முன்னால் தெய்வசிகாமணி அதை நோக்கி வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தார். அது அவர் கைக்குப் போவதற்குள் ஓடிப்போய் எடுக்க வேண்டும். கையை உதறினால் எடுத்துவிடலாம்.

செங்கம்மாள் கையை விடவில்லை. நிஷாவும் உதறவில்லை. இருவரும் ஒன்றாகக் கதவைத் தாண்டி உள்ளே போனார்கள்.